ரொட்டியில் இருக்கிற உப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரத்த அழுத்தக் கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்க வாசகர்களுக்காக என்று மேலே போட்டிருந்தீர்கள். உள்ளே இருந்ததோ, ஊறுகாயை ஒதுக்குங்கள், மேசையில் உப்பு டப்பா வைக்காதீர்கள் என்ற பழைய புத்திமதிதான். உப்பு விஷயத்தில் இந்த நாடு செய்த பெரிய காரியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2013 மார்ச்சில், ஆரோன் மோட்சோலெடி சுகாதார அமைச்சராக இருந்தபோது, எந்தெந்த உணவில் எவ்வளவு சோடியம் (உப்பில் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற பகுதி) இருக்கலாம் என்று அரசிதழிலேயே வரம்பு வெளியிட்டார்கள். 2016 ஜூன் 30 முதல் ஓர் அளவு, 2019 ஜூன் 30 முதல் அதைவிடக் குறைந்த அளவு. ரொட்டியில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம், அப்புறம் 380. சிப்ஸில் 650, அப்புறம் 550. நூடுல்ஸ், சூப் பொடி எல்லாவற்றுக்கும் இப்படி உண்டு. இத்தனை உணவுகளுக்குச் சேர்த்துக் கட்டாய வரம்பு போட்ட நாடுகள் அப்போது உலகில் மிகச் சில.

ரொட்டியை ஏன் பிடித்தார்கள்? டர்பனில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். குவாட்டர் பன்னி சௌ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (தெரியாதவர்கள் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், குடைந்த ரொட்டிக்குள் ஊற்றித் தரும் குழம்புதான்.) 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம். இன்றைய உச்சவரம்புப்படியே பார்த்தாலும் அதில் 665 மில்லிகிராம் சோடியம். இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும்: ஒன்றரை கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஊறுகாயை ஒதுக்கிய மகராசன் இதை எப்படி ஒதுக்குவான்? மாவு பிசையும்போதே சேர்ந்த உப்பு அது.

ரொட்டி, மார்ஜரின், சூப் போன்றவற்றில் உப்பைக் குறைத்தாலே ஆண்டுக்குச் சுமார் 7,400 இதயநோய், பக்கவாத இறப்புகளைத் தவிர்க்கலாம் என்று 2012இல் இங்குள்ள ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அது காகிதக் கணக்குதான். ஆனால் அதோடு நின்றுவிடாமல், மக்கள் உண்மையில் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தும் பார்த்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யார் சரியாகச் சொல்வார்கள்? அதனால் சிறுநீரை அளந்தார்கள். காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் பெரிய கேனில் பிடித்துவைக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் உப்பை அளக்க இதைவிட நம்பகமான வழி கிடையாது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பும் பின்பும் அளந்ததில், சராசரியாக நாளுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்பு குறைந்திருந்தது.

முழுக்கச் சட்டத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டம் இல்லாத இன்னொரு தென்னாப்பிரிக்கா இல்லையே. உப்பைக் குறையுங்கள் என்று மக்களிடம் சொன்ன 'சால்ட் வாட்ச்' பிரசாரமும் அதே காலத்தில்தான் நடந்தது. இந்தச் சந்தேகத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் கட்டுரை இன்னும் நன்றாக வந்திருக்கும். வாசகர்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள்.

அடுத்த இதழில் அந்த வரம்புப் பட்டியலை அப்படியே போடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது 100 கிராமுக்கான கட்டம், 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டம் இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஸ்டாக் க்யூபையும் (குழம்பில் ருசிக்காகக் கரைக்கிற சிறு கட்டி) மறக்க வேண்டாம். குறைத்த பிறகும் அதற்கு அனுமதித்த அளவு 100 கிராமுக்கு 13,000 மில்லிகிராம் சோடியம், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் உப்பு. குழம்பில் அதைப் போட்டுவிட்டு மேலே கல்லுப்பும் போடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டர்பன்