மேளக்காரங்கள நிறுத்தச் சொன்னது நான்தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல முகூர்த்த சீசன்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. பந்தல், சாப்பாடு, பூ, மேக்கப், ட்ரோன் கேமரா வரைக்கும் எல்லாம் இருந்துச்சு, பாட்டுக்கு யாரப் பேசுறது, என்ன கேட்டுப் பேசுறதுன்னு ஒரு வரி கூட இல்ல. அதுல அடிபட்டவ நான், அதான் எழுதுறேன்.

எங்க அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபதாங் கல்யாணம், செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூர்ல எங்க பெரிய வீட்டுலயே வச்சுக்கிட்டோம். காலைல நாகஸ்வரம் தவில், சாயந்தரம் டிஜே. டிஜே ஏற்பாடு தம்பியோடது, சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு ரீல்ஸ் பாத்தே புக் பண்ணிட்டான், நானும் வேண்டாம்னு சொல்லல, சொன்னா ஆச்சிக்கு (எங்க பக்கம் அக்காவ ஆச்சின்னும் சொல்லுவோம்) வயசாயிருச்சும்பான். அந்த ரீல்ஸ் எல்லாம் ஏதோ ரிசார்ட் புல்தரையில எடுத்தது. எங்க வீடு அப்படியா இருக்கு? செவுரு முட்ட வெள்ளக்கரு சேத்து இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, கைய வச்சா வழுக்கும், தரை ஆத்தங்குடிக் கல்லு, தூணு பர்மாத் தேக்கு, சத்தத்த வாங்கி அடக்குறதுக்கு ஒரு திரைச்சீலை கூட கெடையாது. அங்க ஆள் உசரத்துக்கு பேஸ் பாக்ஸ் ரெண்ட கொண்டாந்து ஹால்ல நிறுத்துனா என்னாகும், ஒரு அடி அடங்குறதுக்குள்ள அடுத்த அடி அதுமேல ஏறுது, என்ன பாட்டுன்னே தெரியல, வெறும் உறுமல்தான். மேல சரவிளக்குல கண்ணாடித் தொங்கட்டான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கிலுகிலுன்னு இடிக்குது, அப்பச்சி வந்தவுகள விட்டுட்டு அதையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாக. அப்பத்தா மொதல்ல ரெண்டாங்கட்டுக்குப் போனாக, அப்பறம் அடுப்படிக்கு, கடைசில பின்வாசலத் தாண்டி பூவரச மரத்தடியில ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாக. மகனுக்கு அறுபது, பெத்தவ மரத்தடியில.

ஆனா என்னைய உறுத்துறது இது இல்ல, காலைல நடந்தது. ரெண்டு நாகஸ்வரம் ரெண்டு தவில், வளவுல, அதான் நடு முத்தத்தச் சுத்தி இருக்குற தாழ்வாரத்துல, தூணோரமா உக்காந்து வாசிச்சாங்க, மைக்கே இல்ல. அது திறந்தவெளிக்குன்னே உள்ள வாத்தியம், முத்தம் வானம் பாத்துக் கெடக்குறதால சத்தம் பாதி மேல ஏறிப் போயிரும், சுத்தி உக்காந்து கதை பேசுறவுகளுக்குப் பேச்சும் கேக்கும் பாட்டும் கேக்கும். (இதே நாகஸ்வரத்துக்கு ஏசி மண்டபத்துல மைக் வச்சு காதக் கிழிக்கிறாங்களே, அதுக்குத் தனியா ஒரு கடிதம் எழுதணும்.) மாலை மாத்தி முடிஞ்சு நாகஸ்வரப் பெரியவர் கல்யாணி ராகம் எடுத்தாரு, அப்பத்தான் சூடு புடிக்குது, டிஜே பையன் வந்து சவுண்ட் செக் பண்ணணும், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க அக்கான்னான். நான்தான் போய்ச் சொன்னேன். பெரியவர் ஒண்ணும் பேசல, நாகஸ்வரத்துல வாய் வச்சு ஊதுற சீவாளிய எடுத்துத் தொடச்சு வச்சாரு. தவில் வாசிச்ச அண்ணன் வலது கை விரல்ல மாட்டியிருந்த கூடுகள ஒண்ணொண்ணா கழட்டுனாரு, துணியும் பசையும் சுத்திக் காயவச்சு செய்வாங்களே அது, கழட்டிக் கழட்டி ஒரு சின்ன டப்பாவுல போட்டாரு, கடைசி விரல் வரைக்கும் நான் அங்கயேதான் நின்னேன், என்ன சொல்றதுன்னு தெரியல. டிஜேக்குக் குடுத்ததுல கால்வாசி கூட அவங்களுக்குக் குடுக்கல. தமிழிசைக்குன்னு 1943ல மெட்ராஸ்ல சங்கம் வச்ச ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரோட கானாடுகாத்தான் எங்களுக்குப் பக்கத்து ஊரு, இந்தப் பெருமைய வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லுவோம், வளவுல வாசிக்கிறவர மட்டும் போதும்னு எழுப்பி விட்டுருவோம்.

டிஜே பையனக் கொற சொல்ல மாட்டேன், எடத்த அவன் வந்து பாக்கல, நாங்களும் காட்டல.

அக்கா மக கல்யாணம் காரைக்குடியில மண்டபத்துல வச்சப்ப உஷாராயிட்டேன். லைட் மியூசிக் பேசப் போனா ஒருத்தர் பதினோரு பேர் வருவோம்னாரு, அவங்க வேற ரிசப்ஷன்ல வாசிக்கிறத சொல்லாம போய்ப் பாத்தேன், நெசமா வாசிக்கிறது மூணு பேரு, மிச்சம் எல்லாம் முன்னாடியே பதிவு பண்ணி வச்ச மைனஸ் ட்ராக்கு, ட்ரம்ஸ் குச்சி ஒரு பக்கம் போகுது சத்தம் வேற பக்கம் வருது. அப்பறம் வேற ஆள்கிட்ட கீபோர்டு, தபலா, ரிதம் பேட், பாட ரெண்டு பேருன்னு அஞ்சு பேரே போதும்னு பேசி, மண்டபத்துக்கு ஒருக்கா வரச்சொல்லி ஸ்பீக்கர் எங்க வைக்கணும்னு காட்டி, சாப்பாட்டு ஹால் பக்கம் ஒண்ணு கூட திரும்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பெரியவுக கேட்ட பாட்டெல்லாம் ஒரு நோட்டுல எழுதி முன்னாடியே குடுத்தாச்சு. ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் மூடுன ஹாலுக்கு வெளிய சத்தம் போற மாதிரி ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000த்துலயே விதி வந்துருச்சு, ஆனா நம்ம ஆளுக ரிசப்ஷனுக்கு எட்டரைக்குத்தான் வந்து சேருறாக, பேசுன மூணு மணி நேரத்துல பாதி வெறும் சேருக்குப் போயிரும், அதனால நேரத்தையும் மொதல்லயே கறாரா பேசிக்கணும். கடைசி அரை மணி நேரம் சின்னதுகளுக்குன்னு விட்டுட்டோம், பென்டிரைவ் பாட்டுதான், ஆட்டம்னா ஆட்டம், நானும் ஆடுனதுக்கு வீடியோ ஆதாரம் வேற இருக்கு.

வர்ற தையில சித்தப்பா வீட்டுல விசேஷம், இதே பள்ளத்தூர் வீட்டுலதான். அந்த நாகஸ்வரப் பெரியவருக்கு நானே போன் போட்டேன். தேதிய எழுதிக்கிட்டு, "ஆச்சி, சவுண்ட் செக் எதுவும் இருக்கா?"ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, ஆனா வர்றேன்னு இன்னும் சொல்லல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்