சண்டை நடக்காத ஊருக்கு நினைவுக்கல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வாசகர், "பாளையங்கோட்டையில் போர் நினைவுச் சின்னம் எதற்கு? சண்டை நடந்தது பாஞ்சாலங்குறிச்சியில், கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது கயத்தாற்றில். இரண்டு இடத்திலும்தான் நினைவிடம் இருக்கிறதே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது வருஷம் அந்தக் கோட்டை மேடையைத் தாண்டி சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவன் நான். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

பாளையம் என்றாலே படை இறங்கிய இடம்தான். கிழக்கிந்தியக் கும்பெனிக்காரன் காலத்தில் ஊர் அந்தப் பெயருக்குத் தக்கபடியே இருந்தது. படைக்குச் சோறும் மருந்தும், பிடிபட்டவனுக்கு விலங்கும் இங்கேதான். பீரங்கிச் சத்தம் முப்பது மைலுக்கு அப்பால் கேட்டது, சரி. அந்தப் பீரங்கிக்குத் தீனி போட்ட ஊர் எது?

இன்னொன்றும் உண்டு. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு கதை முடிந்தது என்றுதான் நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக் கதை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது, அது தொடங்கியதே பாளையங்கோட்டைச் சிறையில். தம்பி ஊமைத்துரையை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2 ராத்திரி, ஊரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் கும்பெனிப் படைத் தலைவர் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறையில் அம்மை கண்டிருந்ததால் கைதிகளின் விலங்கைக் கழற்றியிருந்தார்கள். மாறுவேடத்தில் ஊருக்குள் வந்து பதுங்கியிருந்த ஆட்கள் காவலை மடக்க, கைதிகள் வெளியேறி விடியுமுன் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கும்பெனி இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நின்றது. அதைப் பார்த்துத் திகைத்த மெக்காலே படையோடு திரும்பி வந்ததும் பாளையங்கோட்டைக்குத்தான். மார்ச் 31-இல் கும்பெனிப் படை மோதிப் பார்த்துத் தோற்றது. கோட்டை விழ மே 24 ஆகிவிட்டது.

விழுந்த அன்றும் அம்மைதான் துணைக்கு வந்தது. அடிபட்டுக் கிடந்த ஊமைத்துரையை, மகனைத் தேடி வந்த ஒரு தாய் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைத் துணியால் மூடி, "அம்மை கண்டு செத்தவன்" என்று சொல்லித் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற வெல்ஷ் என்ற அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஆளை மாரியாத்தா இரண்டு தடவை காப்பாற்றினாள் என்று என் ஆச்சி சொல்வாள். எனக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

போன மாதம் பேரனை அந்தக் கோட்டை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டைக் கல்லில் டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. பசை காய்ந்து ஒரு முனை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அவன் அதைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான். "இது என்ன தாத்தா, பழைய போலீஸ் ஸ்டேஷனா?" என்றான். தப்பில்லை. மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே கேட்டு வளர்ந்த ஊர். பக்கத்து டீக்கடைக்காரர்தான், "ஏல, அது ஜெயிலா இருந்துச்சாம்லா" என்றார். அந்த அளவுக்காவது விஷயம் உயிரோடு இருக்கிறது.

ஆகவே நினைவுக்கல் வைக்கட்டும். பாஞ்சாலங்குறிச்சியில் வாளோங்கிய வீரம் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதையே இங்கேயும் சிமெண்டில் வார்க்க வேண்டாம். இது கூடாரமும் சிறையும் இருந்த இடம் என்று கல்லில் இருந்தால் போதும். கும்பெனிக்குத் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஆட்கள்தான். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வெள்ளைக்காரர் கல்லறைகள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சிப்பாய்க்கும், பொதிமாடு ஓட்டியவனுக்கும் கல் கிடையாது. சம்பளத்துக்குப் போனவர்கள்தானே என்று சிலர் சண்டைக்கு வரலாம். வரட்டும். அவர்களுக்கும் இந்தக் கல்லில் ஒரு வரி வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுத்தைச் சின்னப் பையன் அண்ணாந்து பார்க்காமல் படிக்கிற உயரத்தில் வெட்டுங்கள். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், ஒப்பந்தக்காரர் பெயர்களைக் கல்லின் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சமாதானபுரம், பாளையங்கோட்டை.