கீசரில் தண்ணீர் சுடவில்லையா? எலிமெண்ட் வாங்குமுன் இரண்டு அளவுகள் எடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கீசர் சரியாகச் சுடவில்லை, எலிமெண்ட் ஒன்று கொடுங்கள்." கொடுத்துவிடலாம். ஆனால் கோளாறு, தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்குழாயான எலிமெண்டில் இல்லையென்றால் உங்கள் பணமும் வீண், தண்ணீரும் சுடாது. எலிமெண்ட் நல்லதா கெட்டதா என்பதை வோல்ட், ஆம்பியர் இரண்டையும் வைத்தே சொல்லிவிட முடியும்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓம் கணக்கில். இரண்டையும் பெருக்கினால் வாட். எலிமெண்டுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. இந்த எண்ணை எலிமெண்டில் எழுதியிருக்கும் வாட்டால் வகுத்தால் அதன் ஓம் கிடைக்கும். 2000 வாட்டுக்கு 26.5 ஓம், 3000 வாட்டுக்கு 17.6, 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு 52.9.

முதலில் ஓம் பார்ப்போம். மெயினை அணைத்து, எலிமெண்டின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் சிறு கருவி) ஓம் நிலையில் வையுங்கள். வயரோடு வைத்தால் வேறு வழியாகவும் மின்சாரம் ஓடி அளவு பொய்யாகும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 2000 வாட் எலிமெண்ட் 25 முதல் 29 ஓம் வரை காட்டினால் அது நல்ல எலிமெண்ட். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே ஏதாவது ஓம் காட்டினால் எர்த் கசிவு, அதாவது மின்சாரம் வெளிக்குழாய்க்குக் கசிகிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். ஒன்றும் காட்டாமலிருந்தும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால், 500 வோல்ட் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியில் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் சிறு பேட்டரிக்கு எல்லாக் கசிவும் தெரியாது.

ஓம் சரி, தண்ணீர்தான் சுடவில்லை என்றால் கீசர் ஓடும்போது அளக்க வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) ஒற்றை வயரில் மட்டும் மாட்ட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து பூஜ்யம்தான் வரும். கீசர் முனையில் 180 வோல்ட், 6.8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 26.5 ஓம். எலிமெண்டில் குறையில்லை. பெருக்கினால் 1224 வாட். இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது: வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடும் அதே அளவுதான் குறையும் என்று நினைக்கிறார்கள். வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைவதால் வாட் இரட்டிப்பாக அடிவாங்குகிறது. 25 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர 15 லிட்டர் கீசருக்கு 2000 வாட்டில் 16 நிமிடம் போதும். 1224 வாட்டில் 26 நிமிடம் ஆகும். புது எலிமெண்ட் போட்டாலும் அதே 26தான்.

வோல்ட் எங்கே தொலைகிறது? கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் போர்டிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் 180 என்றால் குறை வெளியே. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். போர்டில் 230, கீசரில் 221, ஓடுவது 8.4 ஆம்பியர் என்றால் கவனம். 9 வோல்ட் வழியில் போகிறது. 9ஐ 8.4ஆல் வகுத்தால் 1.07 ஓம். 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், போக வர 30 மீட்டர், ஏறக்குறைய 0.4 ஓம்தான் தரும். மிச்சம் 0.67 ஓம் ஏதோ ஒரு தளர்ந்த இணைப்பில் இருக்கிறது. ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி அந்த ஓமால் பெருக்கினால் 47 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! சாக்கெட் பழுப்பேறுவதும் பிளக் உருகுவதும் இதனால்தான். இந்த நிலையில் கீசரைப் போடாதீர்கள். ஸ்க்ரூவை இறுக்கி, கருகிய முனையை வெட்டி, 16 ஆம்பியர் சாக்கெட்டை மாற்றிய பிறகே போடுங்கள். கீசருக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

"போர் தண்ணீர் உப்பு படிந்து எலிமெண்ட் அதிகக் கரண்ட் இழுக்கிறது" என்று சொல்வார்கள். அப்படியில்லை. உப்பு படிந்தாலும் ஓம் மாறாது, ஆகவே வாட்டும் மாறாது. சூடு தண்ணீருக்கு இறங்க வழியில்லாமல் எலிமெண்டுக்குள்ளேயே தேங்கி, கம்பி அறுந்துபோகிறது. உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வது எலிமெண்டின் ஆயுளுக்காக.

டாங் டெஸ்டர் இல்லாத வீட்டில் மின்மீட்டரே போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அதன் முகப்பில் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டு, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி 18.75ஆல் பெருக்குங்கள். 107 முறை என்றால் 2000 வாட். வேகமாக மின்னுவதால் செல்போனில் வீடியோ எடுத்து எண்ணுவது எளிது.

இந்தக் கணக்கு எலிமெண்ட் உள்ள பொருள்களுக்கு மட்டும். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மோட்டாரில் ஓடும் ஆம்பியர் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. பவர் ஃபேக்டர் எனப்படும் இதனால் உண்மை வாட் அதைவிடக் குறைவு. குண்டு பல்பும் அணைந்து ஆறியிருக்கும்போது, எரியும்போதுள்ள ஓமைக் காட்டாது.

கடைக்கு வரும்போது பழைய எலிமெண்டோடு, அதில் எழுதியுள்ள வாட், நீங்கள் அளந்த ஓம், ஓடும்போது இருந்த வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். அளக்க முடியாதவர்கள் எலிமெண்டை மட்டும் கொண்டுவாருங்கள். ஓமும் எர்த் கசிவும் நாங்களே பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மின்பொருள் கடையினர்