சந்தனக்கூடு வரும் வழியில் ஒரு படிக்கட்டு மாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏர்வாடி தர்கா விழாவின் சந்தனக்கூடு ஊர்வலம் வரும் வழியில் பார்வையாளர்கள் அமர நிரந்தரமாகவே ஒரு படிக்கட்டு மாடம் கட்டினால் என்ன என்ற பேச்சு, கீழக்கரையில் என் வயதொத்தவர்கள் கூடும்போதெல்லாம் எழும். கப்பல் வேலையில் இருந்த காலத்தில் பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் இறங்கி, அந்நகரின் புகழ்பெற்ற கார்னிவல் ஊர்வலத் திடலான சம்பாட்ரோமை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது எழுதுகிறேன்.

நான் போனது விழா இல்லாத நாள். ஏறத்தாழ 700 மீட்டர் நீளத்துக்கு வெறும் சாலை, இருபுறமும் கான்கிரீட் படிக்கட்டுகள், கடைசியில் ஒரு வளைவு, அவ்வளவுதான். உடன்வந்த தொண்டிக்காரர் வாடகைக்குக் கிடைத்த இறகுக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டதைத் தவிர ஆரவாரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆளின்றிக் கிடந்ததால்தான் அதன் அமைப்பு கண்ணில் பட்டது. ஆண்டுதோறும் தற்காலிக மாடங்களைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்த நிலையை மாற்றி, பிரேசில் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமேயரின் வடிவமைப்பில் 1984இல் அதை நிலையாகக் கட்டியபோது, படிக்கட்டுகளுக்கு அடியில் வகுப்பறைகளையும் அமைத்தார்கள். ஊர்வலம் ஆண்டில் சில இரவுகள்தான். மற்ற நாள்களில் அங்கே பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பாதையோரத்தில் உள்வாங்கிய ஓர் இடமும் உண்டு. ஊர்வலத்தில் வரும் தாளக்குழு வழியில் அதற்குள் ஒதுங்கி நின்று முழக்கிக்கொண்டிருக்க, ஆட்டக்காரர்களும் அலங்கார வண்டிகளும் கடந்துபோவார்கள். பிறகு கடைசியில் அக்குழு சேர்ந்துகொள்ளும். சந்தனக்கூட்டின் முன்னே மேளக்காரர்கள் நின்று வாசிக்கும்போது பின்னால் வருவோர் முட்டிக்கொள்வதையும், கைக்குழந்தையோடு வந்த பெண்கள் சுவரோரம் ஒண்டுவதையும் பார்த்தவர்களுக்கு அந்த ஒதுக்கிடத்தின் அருமை புரியும்.

ரியோவின் கேளிக்கையும் வைகறையில் தர்காவை வந்தடையும் சந்தனக்கூடும் ஒன்றல்ல. டிக்கெட் விற்று இடம் ஒதுக்கும் அந்த முறை இங்கே அறவே வேண்டாம். கட்டடக் கணக்கை மட்டுமே சொல்கிறேன். தெருவை அடைக்காமல் மேளத்துக்கு ஓர் ஒதுக்கிடமும், பெண்களும் முதியோரும் உட்கார நான்கைந்து வரிசைப் படிகளும், அவற்றின் அடியில் மழைநீர் புகாத அறைகளும் கட்டினால், புயல் நாள்களில் கரையோரக் குடிசைகளில் இருப்போர் தங்கவும், மற்ற மாதங்களில் மீனவப் பிள்ளைகள் மாலையில் படிக்கவும் உதவும். மாவட்ட நிர்வாகம் இதை ஏற்று வரைபடம் போடுமானால், கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் அதிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த அறைகள் ஆட்டுக்கொட்டிலாகிவிடும்.

இப்படிக்கு,
கீழக்கரை வாசகர் ஒருவர்