ரேஸிங் லகூன் பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல பழைய வீடியோ கேம்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா மரியோ, டெக்கன், ஃபைனல் ஃபேன்டஸின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பேருங்களோட நின்னுடுச்சு. ஸ்கொயர் கம்பெனி பத்தி எழுதும்போது ஃபைனல் ஃபேன்டஸியைத் தாண்டி ஒரு வரி கூட வரலை. அதே ஸ்கொயர் 1999 ஜூன் 10ம் தேதி பிளேஸ்டேஷனுக்கு ரேஸிங் லகூன்னு ஒரு கேம் விட்டாங்க, ஜப்பானுக்கு வெளிய அதிகாரபூர்வமா அது வரவே இல்லை. சமீபத்துல அதை மறுபடி முதல்ல இருந்து ஆடி முடிச்சேன், முடிச்ச கையோட இந்தக் கடிதம் எழுதறேன்.

அந்தக் காலத்து ஸ்கொயரை முதல்ல சொல்லணும். 1997ல ஃபைனல் ஃபேன்டஸி 7 உலகம் பூரா ஓடினதுக்கு அப்புறம் அவங்க கைல காசு இருந்துச்சு, தைரியமும் இருந்துச்சு. ஐன்ஹாண்டர்னு விமானம் வச்சு சுடற கேம், புஷிடோ பிளேடுன்னு ஒரே வெட்டுல ஆள் செத்துப்போற வாள் சண்டை, பாரசைட் ஈவ், 1999 மார்ச்ல சோக்கோபோ ரேஸிங், இப்படி கைக்கு வந்ததை எல்லாம் செஞ்சு பாத்தாங்க. ஃபைனல் ஃபேன்டஸி 8 வந்து நாலே மாசத்துல ரேஸிங் லகூன் வந்துச்சு. அவ்ளோ பெரிய படைப்பு பக்கத்துலயே இருக்கும்போது இதை எத்தனை பேரு கவனிச்சிருப்பாங்க.

கதை நடக்கறது யோகோஹாமால. அகாசாகி ஷோன்னு ஒரு பையன், பே லகூன் ரேஸிங்னு ஒரு டீம்ல ஓட்டறான், டீமுக்கு தலைவன் ஃபுஜிசாவா இக்கி. ராத்திரி ஆனா துறைமுகப் பக்கத்து ரோடுகள்ல கார் ரேஸ். பத்து வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊர்ல என்னவோ நடந்திருக்கு, அதைப் பத்தி ஷோவுக்கு நினைவு இல்லை, ஊர்ல எல்லாரும் வேகத்தோட உச்சம்னு ஒரு பழைய கதையைப் பேசிட்டே இருக்காங்க. இதுக்கு மேல கதை சொல்ல மாட்டேன், ஆடப் போறவங்க அவங்களா தெரிஞ்சுக்கட்டும்.

ரேஸும், ஒரு பாத்திரமாவே மாறி கதைக்குள்ள போய் ஆடற ஆர்பிஜி வகை கேமும் இதுல எப்படி சேருதுன்னு கேட்டீங்கன்னா, நகரத்து மேப்ல நம்ம கார் சின்னதா ஓடிட்டு இருக்கும், டிராகன் கதைகள்ல காட்டுல நடக்கும்போது அரக்கன் வந்து மறிக்கிற மாதிரி இங்க வேற ஒரு கார் எதிர்ல வரும், உடனே ரேஸ், அதுவும் ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுடும். ஜெயிச்சா தோத்தவனோட கார்ல இருந்து ஒரு பார்ட்டை நாம எடுத்துக்கலாம், எஞ்சின், சேஸிஸ், பாடி பாகம் எதுவா இருந்தாலும் சரி. தோத்தா நம்ம கார்ல இருந்து ஒண்ணு போயிடும். கோலி விளையாட்டுல ஜெயிச்சவன் அடுத்தவன் கோலியை அள்ளிட்டுப் போற அதே நியாயம்தான்.

இந்த ஒரே விதிதான் கேமை வேற இடத்துக்குக் கொண்டு போகுதுன்னு நான் நினைக்கறேன். மத்த கார் கேம்கள்ல காசு சேத்து கடைல பார்ட் வாங்குவோம், அந்த பார்ட்டுக்கு ஒரு விலை இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. இங்க பாதி கேம் தாண்டின பிறகு கராஜ்ல நிக்கற காரைப் பாத்தா அதுல இருக்கற ஒவ்வொண்ணும் ஒருத்தன்கிட்ட இருந்து வந்தது, இந்த எஞ்சின் அந்த வளைவுல சுவத்துல மோதினவனோடது, இந்த விங் கடைசி நூறு மீட்டர்ல முந்தினப்போ கிடைச்சதுன்னு நமக்கே ஞாபகம் இருக்கு, அப்போ பழைய கார் பேர்ல மட்டும்தான் பழையது, உள்ள எல்லாம் மாறிடுச்சு, ஆனாலும் அது நம்ம கார்தான். தான் யாருன்னே முழுசா தெரியாத ஒருத்தனோட கதைல கார் இப்படி மத்தவங்க துண்டுகளா சேந்து உருவாகறது தற்செயல்னு என்னால நம்ப முடியலை. எழுதினவங்களுக்கு தாங்க என்ன செய்யறோம்னு தெரிஞ்சிருக்கு.

கார்களுக்கு நிஜ கம்பெனி பேரு கிடையாது, பேரை கொஞ்சம் திருப்பிப் போட்டிருப்பாங்க, ஆனா ஜப்பான் கார் பாத்துப் பழகினவங்களுக்கு எது எதுன்னு உடனே புரியும்.

வசனம் பத்தி சொல்லியே ஆகணும். ஆளுங்க பேசறதும் ஷோ மனசுக்குள்ள நினைக்கறதும் கவிதை மாதிரி துண்டு துண்டா உடைஞ்சு வரும், பாதில நிக்கும், அடுத்த வரில இரவு, ஒளி, வேகம், மறுபடி நிக்கும். ஜப்பான் ரசிகர்கள் இந்த நடைக்கு லகூன் மொழின்னே தனிப் பேரு வச்சிட்டாங்க. கிண்டல் பண்றவங்க நிறைய பேரு. எனக்கு அது பிடிச்சிருக்கு, மனசாரவே சொல்றேன். இருபது வயசுப் பையன், வண்டியும் ராத்திரியும் தவிர வேற எதுவும் இல்லாதவன், அவன் தன்னைப் பத்தி யோசிச்சா அப்படித்தான் யோசிப்பான், அளவுக்கு மீறித்தான் யோசிப்பான். அடக்கி எழுதியிருந்தா பத்தோட பதினொண்ணா போயிருக்கும்.

யோகோஹாமாவைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. 1859ல வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்த துறைமுகம் அது, பெரிய சைனாடவுன் இருக்கு, ஹொன்மொகு பகுதில பெரிய இடத்தை அமெரிக்க ராணுவம் ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வச்சிருந்து 1982லதான் திருப்பிக் குடுத்தது, அதனால அமெரிக்க இசையும் அமெரிக்க காரும் ஜப்பான்ல முதல்ல வேர் விட்ட இடங்கள்ல அதுவும் ஒண்ணு. பே பிரிட்ஜ் 1989ல திறந்தாங்க, நீளம் 860 மீட்டர். 296 மீட்டர் லேண்ட்மார்க் டவர் 1993ல வந்துச்சு. ஜப்பான் பொருளாதாரம் பொங்கி வழிஞ்ச வருஷங்கள்ல திட்டம் போட்டுக் கட்டின மினுமினுப்பு அது, 1990களோட தொடக்கத்துலயே அந்தப் பொங்கல் அடங்கிடுச்சு. கேம் வந்த 1999ல அந்த விளக்கெல்லாம் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு, வேலை தேடற பசங்களுக்கு மட்டும் வேலை கிடைக்கலை. கேம்ல இதை யாரும் வாய் விட்டு சொல்லறதில்லை, ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடி நடந்த பெருமையையே பேசிட்டு திரியற ஊர்னு கதை வச்சிருக்காங்களே, எனக்கு அது அப்படித்தான் படுது.

குறை இல்லாமலா, இருக்கு. கார் ஓட்டற உணர்வு கனமா இருக்கும், ரியல் டிரைவிங் எதிர்பாத்து வந்தவங்க முதல் ஒரு மணி நேரத்துலயே வச்சிடுவாங்க. இருட்டுல ரோடு எங்க வளையுதுன்னு பல இடத்துல தெரியாது. நடுவுல ஒரு கட்டத்துல சின்ன ரேஸுங்க சலிப்புத் தட்டும்.

ரேஸும் கதையும் கலந்த கேம்கள்ல இது முதலும் இல்லை. நாம்கோ கம்பெனி 1989லயே பிசி எஞ்சின்ங்கற கேம் மெஷினுக்கு ஃபைனல் லாப் ட்வின்னு ஒரு ரேஸ் கேம் விட்டாங்க, அதுல ஒரு தனி மோட் இருக்கு, ஊர் ஊரா நடந்து போவோம், வழில பாக்கறவன் எல்லாம் ரேஸுக்குக் கூப்பிடுவான். டகாரா பொம்மை கம்பெனியோட சோரோ க்யூ கார் கேம் வரிசைல பிளேஸ்டேஷன் 2ல வந்த ஒரு கேம் உலகத்துல மனுஷங்களே கிடையாது, கார்களே ஊர் மக்கள், அவங்களோட பேசி வேலை செஞ்சு குடுத்து ரேஸுக்குப் போகணும். ரெண்டும் குழந்தைங்களுக்கும் பிடிக்கற சந்தோஷமான கேம்கள். இந்த வடிவத்துல சோகத்தையும் சொல்லலாம்னு துணிஞ்சது ரேஸிங் லகூன்.

இவ்ளோ இருந்தும் ஜப்பானிய மொழி தெரியாதவங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல இது பூட்டின கதவாவே இருந்துச்சு. 2021 நவம்பர்லதான் ரசிகர்கள் செஞ்ச ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாச்சு, சம்பளம் கிடையாது, ஸ்கொயர் எனிக்ஸ் (ஸ்கொயரோட இப்போதைய பேரு) கேக்கவும் இல்லை, அவங்களா உக்காந்து அந்த விசித்திரமான வசனத்தை எல்லாம் அதே விசித்திரத்தோட கொண்டு வந்தாங்க. அமெரிக்காவுல வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அங்க 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதத்தை இன்னைக்கு கடைல வாங்க முடியாதுன்னு. அமெரிக்காவுல வெளியான கேம்களோட கணக்கே இப்படி. அங்க வெளியாகவே இல்லாத ரேஸிங் லகூன் மாதிரி கேம்கள் அந்தக் கணக்குலயே வராது. ஸ்கொயர் எனிக்ஸ் தங்களோட பழைய கேம்களை எத்தனையோ மறுபடி வெளியிடறாங்க, இதையும் முறையா நாலு மொழில வெளியிடணும், ரசிகர்கள் தோள்லயே எல்லா பாரத்தையும் ஏத்தி வைக்கறது நியாயமே இல்லை.

தமிழ் பத்திரிகைக்கு இது எதுக்குன்னு கேக்கலாம். உங்க பத்திரிகைல ஈரான் சினிமா பத்தி எழுதறீங்க, லத்தீன் அமெரிக்க நாவல் பத்தி எழுதறீங்க, யாரும் எதுக்குன்னு கேக்கறதில்லை. கேம்னு வந்தா மட்டும் பொழுதுபோக்கு பக்கத்துல ஒரு மூலை, அல்லது பசங்க கெட்டுப் போறாங்கன்னு ஒரு தலையங்கம். தமிழ் படிக்கற பசங்க இன்னைக்கு எமுலேட்டர்ல, அதாவது பழைய கேம் மெஷின் மாதிரியே கம்ப்யூட்டரை வேலை செய்ய வைக்கற சாஃப்ட்வேர்ல, இந்த மாதிரி பழைய கேம்களைத் தேடித் தேடி ஆடறாங்க, அவங்க ஆடறதைப் பத்தி தமிழ்ல படிக்க உருப்படியா எதுவும் கிடைக்கறதில்லை.

அதனால அந்தத் தொடர் தொடர்ந்து வருதுன்னா ஒரு வாரம் ரேஸிங் லகூனுக்கு ஒதுக்குங்க சார். எழுதறவங்க வீடியோ மட்டும் பாத்து எழுதாம தயவு செஞ்சு ஆடிட்டு எழுதணும், முதல் ஒரு மணி நேரத்தைப் பொறுத்துக்கணும். அப்புறம் மட்சுயேடா நோரிகோவோட இசைக்குன்னு தனியா இடம் குடுங்க. ஃபிரண்ட் மிஷன், பஹாமுட் லகூன் ரெண்டுக்கும் இசை போட்டவங்க, இதுல ஜாஸும் எலக்ட்ரானிக்கும் கலந்து அந்த ராத்திரியை ரோட்டுல விரிச்சிருக்காங்க, கேம் ஆட நேரம் இல்லாத உங்க வாசகர்கள் அந்த இசையையாவது கேக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
கோயம்புத்தூர்