இலை வாரிக்கிட்டு இருந்தவன்கிட்ட கேட்டிருக்கலாம்

பாப்பா, சாப்டியா, நல்லா இருக்கியா. போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்மா அப்புறம் கூப்புடுறேன்னு வச்சிடுற, வாய்ஸ் மெசேஜ் போடலாம்னா அப்பா பக்கத்துலயே உக்காந்துக்கினு இன்னா பேசுறன்னு கேக்குறாரு, அதான் டைப் பண்றேன். எழுத்து தப்பு இருந்தா நீயே சரி பண்ணி படிச்சிக்கோ.

அப்பா நல்லா இருக்காரு. காலையில வெயில் ஏறதுக்குள்ள கோட்டை அகழி ஓரமா நடந்துட்டு வந்துடறாரு, டாக்டர் சொன்ன தூரத்த விட ஜாஸ்தியாவே நடக்குறாரு, சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. மாத்திரை கரெக்டா போடறாரு. வெயில் பத்தி சொல்லவே வேணாம், உனக்கே தெரியும் நம்ம ஊரு வெயிலு. நேத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கெடச்சிது, காரக்கொழம்பு வச்சேன், உன் ஞாபகம்தான். பெரியம்மா பொண்ணுக்கு ஆம்பூர் பக்கம் எடம் பாத்திருக்காங்க, அத அப்பால சொல்றேன்.

நான் சொல்ல வந்தது இன்னான்னா, அந்த சூப்பர்நேச்சுரல் சீரியல திரும்பவும் பாக்க ஆரம்பிச்சிருக்கேன், உன் பழைய லேப்டாப்புல, கீழ இங்கிலீஷ் எழுத்து ஓட விட்டு நிறுத்தி நிறுத்தி படிச்சிக்கினு. 2020ல ஊரே அடைச்சி கெடந்தப்ப நீ இங்க இருந்து வேலை பாத்துக்கினு ராத்திரில தலகாணி மேல லேப்டாப்ப வச்சி பாப்ப இல்ல, 15 சீசன், 327 எபிசோடு, யாரு ஒக்காந்து பாக்குறதுன்னு உன்னை திட்டுவேன். பேய் ஓட்டுற டீன், சாம்னு அண்ணன் தம்பி கதைன்னுதான் நெனச்சேன். நாலாவது சீசன்ல அந்த கேஸ்டியல் வந்ததும்தான் எனக்கு ஒட்டுதல் வந்துச்சி, சம்மனசு, அதான் தேவதூதர் கதையாச்சேன்னு. ஆனா இன்னா சம்மனசு அது, கசங்குன கோட்டு போட்டுக்கினு சவரம் பண்ணாத மூஞ்சோட ஒரு கொட்டாய்க்குள்ள வரான், ரெக்க கூட நெழலாதான் தெரியுது. நரகத்துலேர்ந்து டீன தூக்கியாந்தவன், தோள்ல கை தடம் பதிஞ்சி கெடக்கு, அந்த ஒடம்பு கூட அவனுது கெடையாது, ஜிம்மின்னு ஒரு குடும்பஸ்தனோட ஒடம்பு, அந்தாளு பொண்ணு கிளேர் அப்பா இல்லாம நின்னதுதான் எனக்கு இன்னும் ஆறல.

அப்ப நீ ஒன்னு சொன்ன, ஞாபகம் இருக்கா. அம்மா இந்த சம்மனசுங்க யார நம்புறதுன்னே தெரியாதும்மா, இவன மட்டும் நம்பலாம்னு. சரிதான். மேல இருக்கற சக்கரியா, லூசிபர அடைச்சி வச்ச 66 முத்திரையும் ஒடையாம பாத்துக்கோங்கன்னு கீழ இருக்கறவங்கள ஏவி விட்டுட்டு உள்ளுக்குள்ள ஒடையட்டும்னு காத்துக்கினு இருந்தான். கூடவே நின்ன உரியேல், லூசிபர் பக்கம் சேந்துக்கினு கூட பொறந்த சம்மனசுங்களயே கொன்னான். இவன் மட்டும் நடுவுல மாட்டிக்கினான். மேல சொல்றத கேக்கறதா, டீன் சொல்றத கேக்கறதா. ஒரு தடவ மேல சொன்னாங்கன்னு சாம அடைச்சி வச்ச ரூம கள்ளத்தனமா தெறந்தும் விட்டான், அப்பால மனசு கேக்காம டீன் பக்கம் வந்து ரஃபேல்ன்ற பெரிய சம்மனசு கையால சாகவும் செஞ்சான். ரெண்டு பக்கமும் வேணும்னு நெனக்கிறவனுக்கு தூக்கம் எங்கேர்ந்து வரும். நீயும் தூங்குறதே இல்லன்னு நெனக்கிறேன், ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸப்ல ஆன்லைன்னு காட்டுது. தூங்கு கண்ணு.

இப்ப ஆறாவது சீசன் 20வது எபிசோடுல நிக்கிறேன். அதத் தாண்டி போவ மனசு வரல, திரும்பத் திரும்ப அதையே போடறேன். மொத்தமும் கேஸ்டியலே சொல்ற மாதிரி வரும் பாரு, அதுதான். பெஞ்சில ஒக்காந்து ஆண்டவர்கிட்ட கேக்குறான், நான் போற வழி சரியா, ஒரு அடையாளம் காட்டுன்னு. ரஃபேல் திரும்பவும் உலகத்த அழிக்கப் போறேன்றான், இவன்கிட்ட பலம் இல்ல. யாருகிட்டயாவது கேக்கணும். டீன் வீட்டு வாசலுக்கு வரான். டீன் சண்டையெல்லாம் விட்டுட்டு பொம்பள, புள்ளன்னு குடும்பமா இருக்கான், வாசல்ல விழுந்த இலைய வாரிக்கிட்டு இருக்கான். இவன் கண்ணுக்குத் தெரியாம ஓரமா நின்னு பாத்துக்கினே இருக்கான். கேட்டுருவான் கேட்டுருவான்னு எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது. பாவம் இப்பதான் நிம்மதியா இருக்கான், இவன்கிட்ட போய் எப்படி கேக்குறதுன்னு நெனக்கிறான். அந்த நேரம் பாத்து க்ரௌலின்ற பிசாசு வந்து பக்கத்துல நிக்கிறான். நாலு ரோட்டு சந்திப்புல நின்னு பத்து வருச தவணைக்கு ஆன்மாவ எழுதி வாங்குறவன். பலத்துக்கு 50,000 ஆன்மா கடனா தரேன்றான். இவனும் வாங்கிட்டான்.

அங்கதான் பாப்பா எனக்கு கோவம் கோவமா வருது. ஏன்டா, எதிர்ல ஒருத்தன் இருக்கான், நீ தூக்கியாந்த உசுரு அது, கேட்டா இல்லன்னா சொல்லப் போறான்? அவன் நிம்மதி கெட்டுடும்னு இவனா முடிவு பண்ணிக்கினு கந்து வட்டிக்காரன்கிட்ட போயிட்டான். கடன் கொடுக்கறவன் இனிக்க இனிக்கத்தான் பேசுவான்.

ஆனா அவன் யாருக்காக வாங்குனான்னும் நெனச்சிப் பாக்குறேன். தனக்குன்னு ஒத்த காசு எடுக்கல. அவங்க நல்லா இருக்கணும்னு, அவங்களுக்கே தெரியக் கூடாதுன்னு சொமந்தான். அந்த மனசு எத்தன பேருக்கு வரும். அப்பாவுக்கு ஆப்பரேசன்னு சொன்னதும் நீ ராத்திரியோட ராத்திரியா பஸ்ஸு புடிச்சி வந்து நின்னியே, எல்லாம் ஆபீஸ் இன்சூரன்ஸ்ல வந்துடும்மா, நீ பில்லு பக்கமே போவாதன்னு சொன்னியே, ஊரெல்லாம் என் பொண்ணு பாத்துக்கினா என் பொண்ணு பாத்துக்கினான்னு சொல்லி வச்சிருக்கேன். அந்த ரசீதெல்லாம் பீரோவுல பத்திரமா இருக்கு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா பாத்துட்டு இன்சூரன்ஸ்ல கட்டுனா இப்படியா ரசீது இருக்கும்னு கேட்டாங்க, ஆமா அப்படித்தான் இருக்கும்னு சொல்லி உள்ள வச்சிட்டேன்.

சரி அத விடு. அந்த நெருப்பு வட்டம் சீன் எனக்கு புடிக்கல. டீனும் சாமும் மந்திரிச்ச எண்ணெய ஊத்தி சுத்திலும் கொளுத்தி அவன நடுவுல நிக்க வச்சி கேள்வி கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி அவங்க தனியா பேசிக்கினத இவனே வாய் தவறி திருப்பி சொல்லித்தான் ஒளிஞ்சி கேட்டது தெரிஞ்சி போச்சி. டீன் கேட்டது நியாயம்தான், எங்ககிட்ட வந்திருக்கணும் இல்லன்னுதான் கேட்டான். ஆனா நெருப்புக்கு நடுவுல நிக்கிறவன் இன்னா பதில் சொல்லுவான், நல்லதுக்குத்தான் செஞ்சேன்னுதான் சொல்லுவான். நான் உன்னை அப்படி நிக்க வச்சி கேக்க மாட்டேன். யாரையும் கேக்க மாட்டேன்.

நம்ம பைபிள்ல தோபித்து ஆகமத்துலயும் இருக்கு பாரு. சீரியல்ல ரஃபேல வில்லனா காட்டுறாங்கன்னு எனக்கு வருத்தம்தான், செப்டம்பர் 29க்கு நாம திருநாள் வைக்கிற இரபேல் சம்மனசு அவரு. அவரும் ஒளிச்சிதான் வந்தாரு. அசரியான்னு வேற பேர சொல்லிக்கினு தோபித்து புள்ள தோபியாவுக்கு வழித்துணையா போனாரு, மேதியாவுல குடுத்து வச்சிருந்த பத்து தாலந்து வெள்ளியும் வந்து சேந்துச்சி, மீன் பித்தத்துல அப்பனுக்கு கண்ணும் தெரிஞ்சிது. ஆனா பயணம் முடிஞ்சதும் அப்பனையும் புள்ளையையும் தனியா கூப்புட்டு நான் இன்னாரு, இதுக்காகத்தான் வந்தேன்னு தன் வாயால சொல்லிட்டாரு. கேஸ்டியலுக்கும் அவருக்கும் வித்தியாசம் அதுதான்னு எனக்குப் படுது. ரகசியமா ஒருத்தருக்கு நல்லது செய்யிறதுல தப்பில்ல, வீட்டுக்கு வந்து சேந்த பிறகும் வாய தெறக்கலன்னாதான் அது ஆள தின்னுடும். இன்னொன்னும் அதே ஆகமத்துல. கண்ணு தெரியாத தோபித்து ஆட்டுக்குட்டி சத்தம் கேட்டு திருடிட்டு வந்தியான்னு பொண்டாட்டிய கேட்டுட்டாரு, அந்தம்மா வேலை செஞ்ச எடத்துல சந்தோசமா குடுத்த குட்டி அது. எப்படி துடிச்சிருப்பா. அதனாலதான் நான் எதையும் அவசரப்பட்டு கேக்கறதில்ல.

ஈஸ்டருக்கு வந்தப்ப நீ போட்டிருந்த செயினு பளபளன்னு புதுசாட்டம் இருந்துச்சி, பெரியம்மா கூட பாலிஷ் போட்டாளான்னு கேட்டா. ஆமான்னுட்டேன். உங்க பெங்களூரு போர்வெல் தண்ணி உப்பா இருந்தா குளிக்கும்போது கழட்டி வையி, கருத்துடும்.

என் போனுக்கு ஒரு நம்பர்லேர்ந்து மதியானத்துல கால் வருது. ஒரு பையன் உன் பேர சொல்லி நீங்க அவங்க அம்மாவான்னு கேட்டான், ராங் நம்பர்னு வச்சிட்டேன். மறுநாளும் வந்துச்சி. அப்பா போனுக்கு வரல. மாப்ளைக்கு வருதான்னு தெரியல. நம்ம மரியாயின் சேனை கூட்டம் முடிஞ்சி பேசிக்கினு இருந்தப்ப ஒருத்தங்க சொன்னாங்க, போன்லயே கடன் குடுக்கற ஆப்பெல்லாம் நம்ம போன்ல இருக்கற நம்பருங்கள எடுக்கவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிடுச்சாம், எடுத்து மெரட்டுனா 1930ன்ற நம்பருக்கு போன் பண்ணி சொல்லலாமாம், போலீஸ்காரங்களே எடுக்குறாங்களாம். உன் பிரண்டுங்க யாருக்காவது தேவைப்பட்டா சொல்லு. மெரட்டலுக்கு பயந்து ஒன்ன அடைக்க இன்னொன்ன வாங்கக் கூடாது, அதையும் சொல்லு. கேஸ்டியல் கதியே அதுதானே, க்ரௌலி கடன்ல ஆரம்பிச்சி அது பத்தாம ஊர்பட்ட ஆன்மாவ முழுங்கி, மறைச்சத காப்பாத்தறதுக்காக சாம் மண்டைக்குள்ள நரக ஞாபகத்த மறைச்சி வச்சிருந்த சுவர ஒடைச்சி, கூடவே இருந்த சம்மனசு பால்தசார முதுகுல குத்தி. நல்லவன்தான். நல்லவன் செஞ்சது அது.

அதுக்கப்புறமாவது திருந்துனானா. 14வது சீசன்ல அந்த ஜாக் பையன காப்பாத்த செத்த சம்மனசுங்க போற சூனியத்துக்கு தன்னையே எழுதிக் குடுத்துட்டு, டீன்கிட்டயும் சாம்கிட்டயும் சொல்லாதேன்னு அந்த பையன்கிட்டயே சத்தியம் வாங்குறான். புள்ளையாட்டம் வளத்தவன் அவன, அவனுக்காக செஞ்சது சரி, ஏன் திரும்பவும் சொல்லல? மனசார எப்ப சந்தோசப்படறானோ அப்ப அந்த சூனியம் வந்து கொண்டு போவும்னு பேச்சு. அதனால சந்தோசப்படவே பயந்துக்கினு எத்தன நாள் இருந்தான். 2020 நவம்பர்ல அவன் போற எபிசோடு பாத்துட்டு நீ பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்த, மூஞ்சி கழுவிட்டு வெங்காயம் நறுக்கினேன்ன. நான் ஒன்னும் கேக்கல, வெங்காயத்த நானே நறுக்கிக்கிறேன்னு வாங்கிக்கினேன்.

நீ அவன மாதிரியேதான் இருக்க பாப்பா, சின்ன வயசுலேர்ந்தே. எனக்கு அது பெருமையாவும் இருக்கு, வயிறும் கலங்குது. மாப்ள நல்ல மனுசன், அவருகிட்ட பேசு. இந்த வீடு ஒரு பக்கம் அந்த வீடு ஒரு பக்கம்னு உன்னை யாரும் பிரிச்சி நிறுத்தல. அப்பா உடம்பு நல்லாதான் இருக்கு, நிம்மதி கெட்டுடும்னு யாரும் அவருக்காக பயப்பட வேணாம், அவரும் நானும் இலை வாரிக்கினுதான் இருக்கோம், வந்து பேசலாம்.

வேளைக்கு சாப்புடு. தூங்கு. போன எடு.

என் ரெட்டவடமும் நாலு வளையலும் லாக்கர்ல சும்மாதான் கெடக்கு. பேங்க்ல நகைக்கு வட்டி கம்மி, வெளியில வாங்குறதுல கால்வாசி கூட இருக்காது. அப்பாகிட்ட கேட்டுட்டேன், எதுக்குன்னு அவர் கேக்கல, சாவிய எடுத்து குடுத்துட்டாரு. நீ வெள்ளிக்கெழம பிருந்தாவன்ல ஏறு, காட்பாடி ஸ்டேசனுக்கு அப்பா வண்டி எடுத்துக்கினு வருவாரு, சனிக்கெழம காலையில நீயும் நானும் போயிட்டு வந்துடலாம். ரெண்டாவது நாலாவது சனிக்கெழம பேங்க் லீவு, அத மட்டும் பாத்து டிக்கெட் போடு.

அம்மா