கிளிப் கழற்றிய பிறகு: கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

ஹாஸ்டலுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பல்லில் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றி இன்றோடு எட்டு நாள். ரெண்டு வருஷம் டாக்டர் பார்த்துக்கொண்ட பல்லை இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். இதை எடுத்து வைத்துக்கொள்ளம்மா.

பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. சுற்றிலும் நார்கள் பிடித்திருக்கின்றன. எலும்போடு இணைக்கும் நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடும். ஈறுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றி இருக்கும் மீள்நார்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரை அவை முறுக்கிவிட்ட ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். திரும்பியிருந்த பல்லில் இந்த இழுப்பு ரொம்ப அதிகம். உனக்கு மேல் வரிசையில் இடது பக்க இரண்டாவது பல் அப்படித்தான் இருந்தது. அதன்மேல் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும்.

அந்த இழுப்பில் பல் நகராமல் பிடித்துவைக்கத்தான் மேல் வரிசைக்கு ரிடெய்னர் என்கிற பிளாஸ்டிக் ட்ரே. அதை முதல் ஆறு மாதம் முழுநேரமும், பிறகு தினமும் ராத்திரி மட்டும் மாட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முழுநேரம் என்றால் 22 மணி நேரம். சாப்பாடு, டிபன், டீ என்று நாலு வேளை, வேளைக்கு அரை மணி. கழற்றி வைக்க உனக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான், பல் தேய்ப்பதும் அதற்குள்ளேயே. 'ச', 'ஸ' கொஞ்சம் குழறும், எச்சில் ஊறும். தினம் பத்து நிமிஷம் சத்தமாக வாசி, சில நாளில் நாக்கு பழகிவிடும்.

மாட்டும் முறையைத்தான் ரொம்பப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். மேல் ட்ரேயைத் தண்ணீரில் நனைத்து, முதலில் முன்பற்களில் வைத்து, விரல் நுனியால் ரெண்டு பக்கமும் கடைவாய்வரை அழுத்திக்கொண்டே போ. வாயில் போட்டுக் கடித்து உட்காரவைக்காதே. கடிக்கும் பலமெல்லாம் ஒரே இடத்தில் விழுந்து ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், நாளடைவில் அது குறுக்கே ஓடிவிடும். கழற்றும்போது ரெண்டு ஆள்காட்டி விரலையும் கடைசிப் பற்களின் உள்பக்க ஓரத்தில் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் கீழே இறக்கி, முன்பக்கத்தைக் கடைசியில் எடு. எப்போதும் ஒரே பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கம்தான் முதலில் உடையும்.

மாட்டியதும் கண்ணாடியில் பார். ஒவ்வொரு முன்பல்லின் நுனியும் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே பிறை மாதிரி ஓர் இடைவெளி தெரிந்தால் ட்ரே அங்கே சரியாக உட்காரவில்லை. அந்த இரண்டாவது பல்லில்தான் இது முதலில் தெரியும்.

இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கும் என்றால், இது இருக்கட்டும்: ட்ரே மாட்டும்போது தெரியும் இறுக்கம்தான் உன் அளவுகோல். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் பல் நகரவில்லை. இறுக்கமாக உட்கார்ந்தால், கழற்றி வைத்திருந்த நேரத்தில் பல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ட்ரே இப்போது அதைத் திரும்பத் தள்ளுகிறது. ராத்திரி மட்டும் மாட்டும் காலம் வந்த பிறகும், தினமும் மாட்டும்போது இறுக்கம் தெரிந்தால் உனக்கு ராத்திரி மட்டும் போதவில்லை என்று எடுத்துக்கொள். பகலிலும் சில மணி நேரம் சேர்த்துக்கொள்.

காய்ச்சலிலோ பரீட்சையிலோ சில நாள் விட்டுப்போனால் பயப்படாதே, மறைக்கவும் வேண்டாம். ட்ரே முழுசாக உட்கார்கிறது, ஒன்றிரண்டு பல்லில் மட்டும் வலி என்றால், இறுக்கம் போகும்வரை மறுபடி 22 மணி நேரம் போடு. சில நாளில் சரியாகிவிடும். உட்காரவே மறுக்கிறது என்றால் பலவந்தம் பண்ணாதே, நகவெட்டியால் ஓரத்தை வெட்டிப் பார்க்காதே. அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணு. ரெண்டு வாரம் கழித்துப் போனால் புதிதாக அளவெடுத்து வேறு ட்ரே செய்ய வேண்டி வரலாம். அந்தப் புது ட்ரே நகர்ந்துபோன இடத்திலேயே பல்லைப் பிடித்துவைக்கும், பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அதற்கு மறுபடி கிளிப்தான்.

சுத்தம் செய்வதற்கு வருகிறேன். ட்ரே எப்படி உருவானது என்று தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே புரியும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, உன் பல்லின் அச்சுமேல் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்துச் செய்தது அது. சூட்டில் பிறந்த வடிவம், சூட்டிலேயே போய்விடும். அதனால் கீசர் தண்ணீர் வேண்டாம். ஸ்கூட்டர் டிக்கியிலோ ஜன்னலோர வெயிலிலோ வைக்காதே. மாட்டிக்கொண்டு காபி, டீ குடிக்காதே. ட்ரே வளையும், கறையும் பிடிக்கும். ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் அதைவிட மோசம். சர்க்கரைத் தண்ணீர் பல்லுக்கும் ட்ரேக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், எச்சில் வந்து அலசவும் முடியாது, சொத்தைதான் வரும். மாட்டியிருக்கும்போது பச்சைத்தண்ணீர் மட்டும் குடி.

காலையில் கழற்றியதும் எச்சில் காய்வதற்கு முன்னால் குழாய்த் தண்ணீரில் அலசு. இதற்கென்று தனியாக ஒரு மெல்லிய பிரஷ் வைத்துக்கொள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு உள்ளும் புறமும் அரை நிமிஷம் தேய். உள்பக்கக் குழிகளில்தான் படலம் சேரும். பேஸ்ட் போடாதே. அதில் இருக்கும் தேய்ப்புத் தூள் ட்ரேயில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அந்தக் கீறலில் அழுக்கு தங்கி நாறும், ட்ரே மங்கிவிடும். சாம்பார் மஞ்சள் ஒட்டாமல் இருக்க வழி ஒன்றுதான்: சாப்பிட்டதும் பல் தேய்த்துவிட்டு மாட்டு. முடியாத இடத்தில் வாயை நன்றாகக் கொப்பளித்தாவது மாட்டு.

வாரத்துக்கு ஒருமுறை பல்செட் கழுவும் மாத்திரையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, ட்ரே மூழ்கும்படி அட்டையில் போட்டிருக்கும் நேரம் மட்டும் ஊறவை. பிறகு நிறையத் தண்ணீரில் அலசு. சிலருக்கு அந்த மாத்திரையின் மருந்து ஒத்துக்கொள்ளாது. ஈறு எரிந்தாலோ உதடு தடித்தாலோ நிறுத்திவிடு. உங்கள் ஹாஸ்டலில் போர் தண்ணீர் என்றாய். வெள்ளையாக உப்புப் படிந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து இருபது நிமிஷம் ஊறவைத்துத் தேய். ஊசியால் சுரண்டாதே. டெட்டால், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதே.

உன் அறைத்தோழியிடம் அக்ரிலிக் தகடும் முன்னால் கம்பியும் உள்ள ரிடெய்னர் இருப்பதாகச் சொன்னாய். அவளுக்கும் இதே கழுவும் முறைதான். அவள் கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றக் கூடாது, நாக்கால் தூக்கி விளையாடவும் கூடாது. கம்பி தளர்ந்துவிட்டால் டாக்டர்தான் முறுக்கிக் கொடுக்க வேண்டும்.

உன் கீழ் முன்பற்களின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் கம்பியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் அது மறந்துபோகும். கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை ஆறு பல், ஆறு பசைப் பொட்டு. ஒரு பொட்டு விட்டுப்போனாலும் மற்ற ஐந்தும் கம்பியைப் பிடித்திருக்கும், உனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னக் கண்ணாடியும் போன் வெளிச்சமும் வைத்துப் பார். ஒவ்வொரு பல்லின் பின்னாலும் நகத்தால் கம்பியை லேசாகத் தள்ளிப் பார். அசைந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போ. நுனி நாக்கைக் குத்தினால் கிளிப்புக்குக் கொடுத்த மெழுகு மிச்சம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு கிள்ளு உருட்டி ஒட்டிக்கொள். பிய்த்து எடுக்காதே.

கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான் நாக்கின் அடியிலிருந்து எச்சில் வந்து விழுகிறது. அதனால் காரை, அதாவது பல்லில் கல் மாதிரி இறுகும் அழுக்கு, முதலில் பிடிக்கும் இடமும் அதுதான். தினம் ராத்திரி பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் பிளாஸ்டிக் ஊசியில் கோத்து, கம்பிக்கு அடியில் நுழைத்து, ஐந்து இடுக்கிலும் பல்லை ஒட்டி மேலும் கீழும் இழு. முதல் சில நாள் ரத்தம் கசியலாம். அதற்காக நிறுத்தாதே, நிறுத்தினால்தான் ஈறு வீங்கும். ரெண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் காட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்யும்போது, பின்னால் கம்பி இருக்கிறது என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடு. சீடை, கடலை மிட்டாய், காய்க் கொய்யா எதையும் முன்பல்லால் கடிக்காதே. நூல் கடிப்பது, பாக்கெட் கிழிப்பது இரண்டையும் விட்டுவிடு.

ட்ரே தொலையும் இடம் எப்போதும் ஒன்றுதான்: மெஸ் மேஜையில் டிஷ்யூவில் சுற்றி வைத்தது. சுற்றியதைக் குப்பை என்று எடுத்துக் கொட்டிவிடுவார்கள். ரெண்டு டப்பா வாங்கி அனுப்புகிறேன், ஒன்று பையில், ஒன்று அறையில். ரெண்டிலும் காற்றோட்டத் துளை இருக்கும், மூடியில் உன் பேரும் என் நம்பரும் எழுதியிருப்பேன். வாயில் இல்லாத நேரம் அது டப்பாவில்தான் இருக்க வேண்டும், உன் சட்டைப்பையில்கூட வேண்டாம்.

ஞானப்பல் முளைத்தால் முன்பல் தள்ளிக்கொண்டு கோணலாகும் என்று யாராவது சொல்வார்கள். ஆராய்ச்சிகள் அதை ஆதரிக்கவில்லை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயசு ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பவரும் கூட இருந்தவர்களும் ரிடெய்னரை நிறுத்தியவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கீழ் முன்பல் வரிசை கலைந்துவிட்டிருந்தது. எவ்வளவு காலம் போடணும்பா என்று கேட்டாயே, பல் நேராக இருக்கணும் என்று நீ நினைக்கிற வரைக்கும்.

உன் பல் அச்சை வாங்கி வைத்திருக்கிறேன், பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. பல் நகராமல் ட்ரே மட்டும் உடைந்தால் அதை வைத்தே புதிது செய்துவிடலாம். பொங்கல் லீவில் டாக்டரிடம் நேரம் கேட்டு வைக்கிறேன், ட்ரேயை மறக்காமல் கொண்டுவா. கரும்பைத் தோல் சீவி விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்துவிடச் சொல்லிவிட்டேன் அம்மாவிடம். கடைவாயில் வைத்து மென்றுகொள்.

அன்புடன்,
அப்பா